மலர், புத்தகம் அச்சடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: போட்டோ ‘கன்வர்ஷன்’ என்று தனி பில் போட்டால் உஷார்

பள்ளி நூற்றாண்டு மலர், கும்பாபிஷேக மலர், சொந்தச் செலவில் ஒரு கவிதைத் தொகுப்பு என்று எதையாவது டிடிபி சென்டரில் லேஅவுட்டுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலர். டெமி 1/4 அளவு, ஆர்ட் பேப்பர், முழுக்க நான்கு கலர். லேஅவுட் செய்தவர்கள் போட்டோக்களை எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியாயிற்று. பிறகு போன் வந்தது: “சார், உங்க போட்டோ பாதி சாஃப்ட்வேர்லயே ஏறல. ஏறினதும் 72 டிபிஐதான் இருக்கு. எல்லாத்தையும் 300க்கு கன்வர்ட் பண்ணணும்.” படத்துக்கு இவ்வளவு என்று தனி பில். பள்ளிக் கமிட்டி மறுபேச்சில்லாமல் கட்டியது. அச்சாகி வந்த மலரில் தலைமையாசிரியையின் முழுப்பக்கப் படத்தில் கண் இமையும் புடவைக் கரையும் கலங்கிக் கிடந்தன. பழைய மாணவர்களின் குரூப் போட்டோவில் முக விளிம்பெல்லாம் படிக்கட்டு மாதிரி உடைந்திருந்தது. கேட்டதற்கு, “ஒரிஜினலே அப்படித்தான் சார்” என்று பதில்.

ஒரிஜினல் அப்படி இல்லை. தலைமையாசிரியை படம் 12 மெகாபிக்சல் போனில் எடுத்தது: 3024 × 4032 பிக்சல். டெமி 1/4 பக்கத்தின் அகலம் எட்டரை அங்குலம். 3024ஐ 8.5ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 356. ஒரு அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்ற இந்த அடர்த்தியைத்தான் டிபிஐ, பிபிஐ என்கிறார்கள். ஆஃப்செட் அச்சுக்கு வழக்கமாகக் கேட்பது 300தான். ஆக, அந்தப் படத்தை அப்படியே பக்கத்தில் வைத்திருக்கலாம், எந்த கன்வர்ஷனும் தேவையில்லை. அதை வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பியதும் 1200 × 1600 ஆகச் சுருங்கிவிட்டது. அதே பக்கத்தில் இப்போது அதன் அடர்த்தி 141.

முதல் தவறு, வாட்ஸ்அப்பில் வாங்கியது. அடுத்து செய்தது ஏமாற்று. ஃபோட்டோஷாப்பில் இமேஜ் சைஸ் பெட்டியைத் திறந்து, ரீசாம்பிள் என்ற டிக்கைப் போட்டுவிட்டு 1200 × 1600ஐ 2550 × 3400 ஆக்கியிருக்கிறார்கள். பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவது போலத்தான் இது. புதிய பிக்சல்களை மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கற்பனையாக நிரப்பும். போன இமை திரும்பி வராது. ஜேபெக் சுருக்கம் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் வேலை. பெரிதாக்கிய படத்தில் அந்தக் கட்டங்கள் 17 × 17 ஆக ஊதிப்போய், கன்னத்தில் சதுரம் சதுரமாகத் தெரிந்தன.

இதில் கொடுமை என்னவென்றால், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனின் சோதனையில் இது பிடிபடாது. லிங்க்ஸ் பேனலில் (கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி) படத்தைச் சொடுக்கினால் கீழே ‘ஆக்சுவல் பிபிஐ’, ‘எஃபெக்டிவ் பிபிஐ’ என்று இரண்டு எண்கள் வரும். பார்க்க வேண்டியது எஃபெக்டிவ்; பக்கத்தில் வைத்திருக்கும் அளவுக்கு உண்மையில் கிடைக்கும் அடர்த்தி அது. ஆனால் ஊதிய படத்துக்கு அதுவும் 300 என்றுதான் காட்டும். தவறுகளைத் தானே தேடும் ப்ரீஃப்ளைட் வசதியும் பச்சை விளக்கு போட்டுவிடும். அதனால் நீங்கள் கொடுத்த ஃபைலின் பிக்சல் அளவையும் லேஅவுட்டில் இருக்கும் ஃபைலின் பிக்சல் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடுத்ததைவிட அதிகமாக இருந்தால் ஊதியிருக்கிறார்கள். ஃபைல் பெயரையும் பாருங்கள்: தேதிக்குப் பின்னால் ‘டபிள்யூஏ’ என்ற இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் அது வாட்ஸ்அப் வழியாக வந்த படம்.

‘72 டிபிஐ’ என்ற பயமுறுத்தலுக்குத் தனியாக ஒரு வரி. அது ஃபைலில் ஒட்டியிருக்கும் வெறும் குறிப்பு. ரீசாம்பிள் டிக்கை எடுத்துவிட்டு 72ஐ 300 என்று மாற்றினால் ஒரு பிக்சல்கூடக் கூடாது, குறையாது. இதற்குக் காசு கேட்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சரி, ‘சாஃப்ட்வேர்ல ஏறல’ என்பது பொய்யா? எப்போதும் பொய்யில்லை. படத்தைப் பக்கத்தில் வைக்கும் பிளேஸ் கட்டளை (கன்ட்ரோல் + டி) கொடுத்ததும், சில படங்களுக்கு, கேட்ட வேலைக்கு ஃபில்டர் கிடைக்கவில்லை என்று இன்டிசைன் ஒரு செய்தி காட்டும். பெரும்பாலும் ஃபைலின் பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. இணையத்தில் இறக்கிய, வெப்பி என்ற வடிவில் இருக்கும் படத்துக்கு யாரோ ஜேபிஜி என்று பெயர் மாற்றியிருப்பார்கள். அல்லது ஐபோனின் ஹெய்க் படமாக இருக்கும். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் அந்த வடிவத்தில்தான் சேமிக்கிறது. பழைய இன்டிசைன் பதிப்புகள் இரண்டையும் ஏற்காது. 2001இல் வந்த பழைய லேஅவுட் மென்பொருளான பேஜ்மேக்கர் 7ஐ இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் சென்டர்களில் கேட்கவே வேண்டாம்.

கண்டுபிடிப்பது சுலபம். ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். ‘ரிஃப்’ என்று தொடங்கி சற்றுத் தள்ளி ‘வெப்பி’ என்ற எழுத்துகள் ஆங்கிலத்தில் வந்தால் வெப்பி. ‘எஃப்டிஒய்பி’க்குப் பின் ‘ஹெய்க்’ என்றால் ஐபோன் படம். ‘ஜேஎஃப்ஐஎஃப்’ அல்லது ‘எக்ஸிஃப்’ தெரிந்தால் உண்மையான ஜேபெக். சேமிக்காமல் மூடிவிடுங்கள், சேமித்தால் ஃபைல் கெட்டுவிடும். படம் பார்க்கும் மென்பொருளான இர்ஃபான்வியூவில் திறந்தால் அதுவே பெயர் தவறு என்று சொல்லிவிடும். ‘பேட்ச்’ என்பதன் முதல் ஆங்கில எழுத்தான பி விசையை அழுத்தினால் வரும் பேட்ச் பெட்டியில் நூறு படமானாலும் ஒரே மூச்சில் ஜேபெக் அல்லது டிஃப் ஆக மாற்றலாம். இதற்குத் தலைக்கு இவ்வளவு என்று பில் போடுவதில் நியாயமே இல்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா செட்டிங்ஸில் ஃபார்மேட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைத்துக்கொண்டால் இனி எடுக்கும் படங்களுக்கு அந்த வேலையும் மிச்சம்.

குரூப் போட்டோ படிக்கட்டானதன் காரணம் வேறு. பென்டிரைவில் இருந்து நேராகப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், பிறகு பென்டிரைவை உருவிவிட்டார்கள். இன்டிசைன் படத்தை உள்ளே விழுங்கிக்கொள்வதில்லை. அது இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு திரைக்கு ஒரு சின்ன நகலை மட்டும் காட்டும். மூலப்படம் காணாமல் போனால் லிங்க்ஸ் பேனலில் சிவப்புக் கேள்விக்குறி வரும். பிடிஎஃப் எடுக்கும்போதும் எச்சரிக்கும். அதையும் மீறி ஓகே அழுத்தினால் அந்தச் சின்ன நகல்தான் அச்சு பிளேட்டுக்குப் போகும். அழுத்தியிருக்கிறார்கள்.

வேர்டில் ஒட்டிய படங்களைக் காப்பி-பேஸ்ட் செய்வதும் இதே ரகம். அப்படி ஒட்டிய படம் லிங்க்ஸ் பேனலில் வராது, சோதிக்கவும் முடியாது. வேர்ட் ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து, டாக்எக்ஸ் என்ற பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், வேர்ட் ஃபோல்டருக்குள் மீடியா ஃபோல்டரில் படங்கள் தனித்தனியாக இருக்கும். அவற்றை எடுத்து பிளேஸ் செய்யச் சொல்லுங்கள். வேர்டின் பல பதிப்புகள் சேமிக்கும்போதே 220 பிபிஐக்குக் குறைத்துவிடும். கேமரா ஃபைல் இருந்தால் அதையே கொடுங்கள்.

பேஜ்மேக்கரில் வேலை நடந்தால் இன்னொன்றும் கேளுங்கள். ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கலர் முறை) படத்தை வைத்து, கலர் மேனேஜ்மென்ட் அணைந்திருக்கும்போது செபரேஷன் (ஒவ்வொரு மைக்கும் தனி பிளேட்டாகப் பிரிப்பது) எடுத்தால், படம் கறுப்பு பிளேட்டில் மட்டும் விழும். கலர் பக்கத்துக்குக் காசு கொடுத்துக் கறுப்பு வெள்ளைப் படம் வாங்கிய கமிட்டிகள் உண்டு. எல்லாப் படமும் சிஎம்ஒய்கே (அச்சு மைக்கான நான்கு கலர் முறை) டிஃப் ஆக இருக்க வேண்டும்.

ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் போனில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். அச்சகத்துக்குப் போகும் அதே பிடிஎஃப்பைக் கேட்டு வாங்குங்கள். ‘ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்’ முன்னமைவில் எடுத்த பிடிஎஃப்பில் கலர் படங்கள் 100 பிபிஐக்கு இறங்கியிருக்கும். அதுவே தவறிப்போய் அச்சகத்துக்குப் போவதும் நடக்கிறது. ‘பிரஸ் குவாலிட்டி’ அல்லது ‘பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ’ என்றால் 300 நிற்கும். பாப்ளர் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்இமேஜஸ் கட்டளையை ‘லிஸ்ட்’ தெரிவோடு ஓட்டினால், ஒவ்வொரு படத்துக்கும் பக்க எண், பிக்சல், கலர் முறை, பிபிஐ எல்லாம் பட்டியலாக வரும். கணினி தெரிந்த பழைய மாணவர் ஒருவர் போதும்.

வேலை கொடுக்கும்போதே எழுதி வாங்க வேண்டியவை: போட்டோக்களை டிரைவ் லிங்க்கிலோ வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாகவோதான் வாங்க வேண்டும், கேட்காமல் எந்தப் படத்தையும் பெரிதாக்கக் கூடாது, கடைசித் தவணைக்கு முன் ஃபைல் மெனுவில் பேக்கேஜ் கொடுத்து, திருத்தக்கூடிய ஓப்பன் ஃபைலையும் லிங்க்ஸ் ஃபோல்டரையும் தர வேண்டும். தர மறுக்கும் சென்டரில் பெரிய வேலை எதுவும் வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்கள் என்றால், பைண்டிங் ஆகும் முன் அச்சகத்துக்கு ஓடுங்கள். கெட்ட படங்கள் எந்தெந்த ஃபார்மில் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுப்பு) விழுந்திருக்கின்றன என்று பார்த்து, அந்த ஃபார்ம்களுக்கு மட்டும் புது பிளேட் போட்டு மறுபடி ஓட்டச் சொல்லலாம். அந்தச் செலவை லேஅவுட் பில்லில் கழித்துக்கொள்ள, நீங்கள் கொடுத்த ஒரிஜினலின் பிக்சல் அளவும் அவர்கள் வைத்த ஃபைலின் பிக்சல் அளவும் அருகருகே தெரியும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டே போதுமான ஆதாரம்.