கூரை சுவரைத் தள்ளினால்: தீராந்தியா, இரும்புக் கம்பியா, கொங்கிரீட் வளையமா?

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பழைய ஓட்டு வீட்டைத் திருத்துபவர்கள் முதலில் சீலிங்கைக் கழற்றி முகடுவரை திறந்துவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். சுவருக்குச் சுவர் குறுக்கே கிடந்த தீராந்தி என்ற மர உத்தரத்தையும் சேர்த்து அறுத்தெடுத்தால்தான் வில்லங்கம். முகட்டிலிருந்து சரிந்து வரும் கைமரங்கள் அடியில் விரிந்து 9 அங்குலச் சுவரின் தலையை வெளியே தள்ளும். குறுக்குச் சுவர் வெளிச்சுவரைத் தொடும் இடத்தில் மேலே அகன்று கீழே ஒடுங்கும் வெடிப்பு, நடுவில் தொய்ந்த முகடு இரண்டும் அதன் அடையாளம்.

20 அடி அகலம், 30 பாகைச் சரிவு, ஓட்டுக் கூரை என்றால், ஆறரை அடிக்கு ஓர் இழுப்பு (எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்துப் பிடிக்கும் தீராந்தியோ இரும்புக் கம்பியோ) வைக்கும்போது ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 500 – 600 கிலோ எடைக்குச் சமமான இழுவை வரும். சரிவு 20 பாகையாகக் குறைந்தால் அது ஒன்றரை மடங்காகும்.

வெளியிலிருந்து சுவரைத் தாங்கும் முட்டுச்சுவரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கொழும்பில் அதற்கு நிலம் யாரிடம் இருக்கிறது? பழைய சுவரோடு ஒட்டிக் கட்டினாலும் புது அத்திவாரம் தனியாக இறங்கிப் பிரிந்துவிடும்.

சுவர்களின் தலையைச் சுற்றி வார்க்கும் கொங்கிரீட் வளையம் எல்லாருக்கும் பிடித்தது. மேசன் பாஸும் முதலில் அதைத்தான் சொல்வார். ஓட்டையும் மரத்தையும் எப்படியும் இறக்கப் போகிறீர்கள் என்றால் போடலாம். ஆனால் நீளச் சுவரில், இடையில் குறுக்குச் சுவரே இல்லாத இடத்தில், அந்த வளையமும் பக்கவாட்டில் வளையும். எதிர்ச் சுவரோடு அதைப் பிடித்து வைக்க அங்கேயும் ஓர் இழுப்பு வேண்டும்.

மிஞ்சுவது தீராந்தியும் கம்பியும். நாங்கள் போட்டது கம்பி. என் சாய்வும் அந்தப் பக்கம்தான். பலத்துக்காக இல்லை. 16 மில்லிமீற்றர் கம்பிக்கு இந்த இழுவை ஒரு பொருட்டே இல்லை, நல்ல முதிரைத் தீராந்திக்கும் அப்படித்தான். வித்தியாசம் பராமரிப்பில். தீராந்தி பழுதாவது சுவருக்குள் புதைந்த நுனியில். மேலே பீலி அடைத்து ஒழுகினால் அந்த நுனி ஈரம் குடித்து உக்கும், கறையானும் அங்கிருந்துதான் ஏறும். வெளியே தெரியும் பாகம் வார்னிஷ் பளபளப்போடு இருக்க, உள்ளே பிடிப்பே இராது.

கம்பியில் பழுதாகும் இடங்களை எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கலாம். கைமரத்தின் காலுக்கு இருபுறமும் 6 மில்லிமீற்றர் தகடு வைத்து, சுவர்த் தலையில் கிடையாகக் கிடக்கும் வளைமரத்தோடு சேர்த்து போல்ட் போட்டு, அந்தத் தகட்டில் கம்பியை மாட்ட வேண்டும். சுவரை மட்டும் பிடித்தால் வளைமரம் சுவர்மேல் வழுக்கிப் போகும். இடையிலுள்ள கைமரங்களின் தள்ளலைத் தாங்குவதும் வளைமரம்தான். ஆகவே 4×3 அங்குலக் கடின மரத்தை 4 அங்குலம் கிடையாக இருக்கும்படி போட்டு, ஒட்டு வரும் இடங்களில் பட்டை அடியுங்கள்.

கடற்காற்றில் முதலில் கறள் பிடிப்பது, கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளின் மரை. கம்பி கல்வனைஸ் செய்ததாக இருந்தாலும், மரை வெட்டியது அதற்குப் பிறகென்றால் அந்த இடம் வெறும் இரும்புதான். மரை வெட்டிய பின் சூட்டுக் குளியல் கல்வனைஸ் செய்து, கிறீஸ் பூசுங்கள். ஸ்டெயின்லெஸ் போட்டால் இந்தத் தலையிடி குறையும், விலை கூடும். கடலோரத்தில் அதுவும் பழுப்புக் கறை பிடிக்கும் என்பதால் துடைப்பிலிருந்து தப்ப முடியாது.

முறுக்கும்போது கூரைக்கு முட்டுக் கொடுத்து, எல்லாக் கம்பிகளையும் கையால் இறுக்கிய பின் வரிசையாக ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். சாய்ந்த சுவரை நிமிர்த்த டர்ன்பக்கிளைப் பயன்படுத்தக் கூடாது. சுண்ணாம்புச் சாந்துக் கட்டு வெடிக்கும். தலையில் தட்டுகிறது என்று கம்பியைப் பாதி உயரத்துக்குத் தூக்கச் சொல்பவர்களும் உண்டு. இழுவை இரட்டிப்பாகும், கைமரமும் வளையும்.

வருடம் ஒருமுறை, மே மாத மழைக்கு முன் பீலி துப்புரவாக்கும் ஆளையே ஏணியில் ஏற்றி ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்க்கச் சொல்லலாம். இறுக்கமானது கணீரென்னும், தளர்ந்தது பொத்தென்னும்.