இரண்டாவது பிள்ளைக்கு எந்த பிராம்? லண்டன் வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஒத்துவரும் வண்டிகள்

இரட்டை பிராம் பார்க்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பிறக்கப்போகும் குழந்தையை நினைத்துத்தான் பார்க்கிறார்கள். கேரிகாட்டின் (கைக்குழந்தை படுக்கும் தொட்டிலின்) மெத்தையைத் தடவிப் பார்க்கிறார்கள், கூரை எவ்வளவு இறங்குகிறது என்று இழுத்துப் பார்க்கிறார்கள். கைக்குழந்தைக்கு நல்ல வண்டி எதுவானாலும் பொருந்திவிடும். தீர்மானிக்க வேண்டியது மூத்த பிள்ளையின் கால்கள். அவன் எவ்வளவு தூரம் நடப்பான், எந்த மூலையில் "தூக்கு" என்று நின்றுவிடுவான், இன்னும் எத்தனை மாதம் உட்கார்ந்து வரச் சம்மதிப்பான் என்று கணக்குப் போட்ட பிறகே விலைச்சீட்டைப் பார்க்க வேண்டும். குறுகலான வீடு, பஸ், சிறிய கார் என்று லண்டனில் வாழும் குடும்பங்களை மனத்தில் வைத்து, கடைகளில் அதிகம் காணும் வகைகளை இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

இரு பிள்ளைகளுக்கும் இடையே 18 மாதத்துக்கும் குறைவென்றால் இரண்டு முழு இருக்கைகள் கட்டாயம் வேண்டும். அடுத்த ஒன்றரை ஆண்டு இருவருமே அதில் தூங்கி வழிவார்கள். 18 முதல் 30 மாதம் வரை என்றால்தான் குழப்பம். ஒற்றை வண்டியை இரட்டையாக்கும் விலையுயர்ந்த மாதிரிகளைக் கடைக்காரர்கள் நீட்டுவது இவர்களிடம்தான். சின்னது நிமிர்ந்து உட்காரும்போது மூத்தது இரண்டு வயதைத் தாண்டி மூன்றை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அப்போது இரண்டாவது இருக்கைக்குக் கொடுத்த பணம் ஓராண்டுகூட உழைக்காது. இரண்டரை ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியென்றால் இரட்டை வண்டியே வேண்டாம் என்போம்.

கடைக்குக் கிளம்புமுன் அளவுநாடாவை எடுங்கள். இங்கிலாந்து வீடுகளில் வாசற்கதவுப் பலகை பெரும்பாலும் 83.8 செ.மீ., உட்கதவு 76.2 செ.மீ. அது பலகையின் அகலம். கதவைச் செங்குத்தாகத் திறந்து வைத்தாலும் பலகையின் தடிப்பும் சட்டத்தின் விளிம்பும் 5, 6 செ.மீ. தின்றுவிடும். வாசலில் 77, 78, உள்ளே 70, 71 தான் மிஞ்சும். ஹாலில் ரேடியேட்டர் துருத்திக்கொண்டிருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். வண்டியின் அகலம் என்று பெட்டியில் போட்டிருப்பது பின்சக்கரங்களின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பா என்று கடையில் நீங்களே நாடா பிடித்துப் பாருங்கள்.

பஸ்ஸுக்கும் ஓர் அளவு உண்டு. 2000-ம் ஆண்டு விதிமுறைப்படி பஸ்ஸில் சக்கர நாற்காலிக்கான இடம் 130 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம். பிராம் நிற்பதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். நாற்காலியில் வருபவருக்கே அங்கே முன்னுரிமை. 2017 ஜனவரியில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், இடத்தைக் காலிசெய்ய மறுக்கும் பயணியிடம் ஓட்டுநர் ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது, அதற்கு மேலும் முயல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது நியாயம். ஆகவே இரண்டு பிள்ளைகளோடு, மழையில், ஒரு கையால் உங்கள் வண்டி மடியுமா என்பதுதான் கேள்வி. கடையில் ஐந்து கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மடித்துப் பாருங்கள். விற்பனையாளர் மடித்துக் காட்டுவதை நம்பி வாங்கக் கூடாது. அவர் கையில் குழந்தை இல்லை. ரயிலில் பிரச்சினை குறைவு. டி.எல்.ஆர். என்ற டாக்லண்ட்ஸ் இலகு ரயில் நிலையங்கள் எல்லாமும், எலிசபெத் லைன் நிலையங்கள் எல்லாமும் படியில்லாமல் நடைமேடைவரை போகக்கூடியவை. பழைய டியூப் நிலையங்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை.

இனி வண்டிகள். பக்கத்துக்குப் பக்கம் இருக்கை உள்ள வகையில் புகாபு டாங்கி தனி ரகம். சேசியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, ஒற்றையாக வைத்தால் 60 செ.மீ., விரித்து இரட்டையாக்கினால் 74 செ.மீ. ஒற்றையாக இருக்கும்போது பக்கவாட்டில் ஒரு கூடை கிடைக்கும். வாரச் சாமான் அனைத்தும் அதற்குள் போய்விடும். இரு பிள்ளைகளும் சம உயரத்தில், சம வெளிச்சத்தில் உட்காருகிறார்கள். எடை இரு பின்சக்கரங்களிலும் ஒன்றுபோல் விழுவதால் திருப்புவது சுலபம். ஆனால் 74 செ.மீ. உங்கள் வாசலில் நுழையும், உட்கதவில் நுழையாது. ஹாலில் நிறுத்த இடமில்லாதவர்களுக்கு இது உதவாது. சிறிய காரின் பின்பக்கச் சாமான் அறையில் சேசியையும் இருக்கைகளையும் தனித்தனியாக அடுக்க வேண்டிவரும். விலையும் மிக அதிகம். வயது இடைவெளி குறைவாகவும் வாசலில் இடம் தாராளமாகவும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மவுண்டன் பகியின் டுவெட் 63 செ.மீ. தான், ஒற்றை வண்டியின் அகலத்தில் இரட்டை. உட்கதவுகளுக்குள்ளும் போய்விடும். இந்தப் பட்டியலில் எங்கள் மனத்துக்கு நெருக்கமானது இதுதான், ஒரு குறையோடு. 63-க்குள் இரண்டு என்றால் ஒவ்வோர் இருக்கைக்கும் 30 செ.மீ. சுற்றித்தான் வரும். டிசம்பர் மாதத்துக் கனத்த கோட்டோடு இரண்டு பேரை உட்காரவைத்தால் தோளும் தோளும் இடிக்கும், மூத்தது சின்னதின் தொப்பியைப் பிடுங்கும். உடல்வாகு பெரிய பிள்ளையென்றால் கோட்டை மாட்டியே கடையில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். பேபி ஜாகரின் சிட்டி மினி ஜி.டி. 2 இரட்டை வண்டி சுமார் 76 செ.மீ.; மடிப்பது எளிது, இருக்கையும் தாராளம். இரண்டையும் ஒப்பிட்டால் அந்த 13 செ.மீ. தான் தெருவுக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம். தரைத்தள வீடும் அகலமான வாசலும் உள்ளவர்கள் சிட்டி மினியை எடுக்கலாம்.

ஒற்றையை இரட்டையாக்கும் வகையில் அப்பாபேபி விஸ்டாவும் பேபி ஜாகர் சிட்டி செலக்டும்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. அகலம் கூடாமல் இரண்டாவது இருக்கை முன்னாலோ கீழேயோ வந்து சேர்கிறது. சிட்டி செலக்டில் ஒவ்வோர் இருக்கையும் 20 கிலோ தாங்கும். விஸ்டாவின் கீழ்ப்புறக் கூடுதல் இருக்கை 35 பவுண்ட், அதாவது 15.9 கிலோ வரை. மேலிருக்கை 50 பவுண்ட் வரை. இந்த எண்களை ஏன் சொல்கிறோம் என்றால், சராசரியாக ஒரு பிள்ளை 2 வயதில் 12 கிலோ, 3 வயதில் 14, 4 வயதில் 16 கிலோ இருக்கும். மூத்தவனைக் கீழிருக்கையில் வைக்கிறீர்கள் என்றால் நான்கு வயதுக்குள் எடைவரம்பு முடிந்துபோகும். அதற்கு முன்பே கால்கள் சக்கரத்தைத் தட்டத் தொடங்கும்.

இந்த வகையில் யாரும் கடையில் சோதிக்காத ஒன்று உண்டு: நடைபாதை விளிம்பு. இங்கே விளிம்புக்கல் 10 முதல் 12 செ.மீ. வரை உயரம். ஏற்றும்போது கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்குகிறோம். பின்சக்கர அச்சுதான் நெம்புகோலின் தாங்குபுள்ளி. 13 கிலோ பிள்ளை அச்சிலிருந்து தள்ளி, முன்கோடியில் உட்கார்ந்திருந்தால் அந்த எடை பெருகி மணிக்கட்டில் விழும். வண்டியைத் திருப்பிப் பின்சக்கரத்தை முதலில் இழுத்து ஏற்றுவதே நல்லது. அறுவைசிகிச்சையில் குழந்தை பெற்ற தாய், முதல் வாரங்களில் நீளவாட்டு இரட்டை வண்டியை விளிம்பில் ஏற்றவே கூடாது. கடையில் இரண்டு இருக்கையிலும் 10 கிலோ அரிசி மூட்டை அளவு எடை வைக்கச் சொல்லி, வாசற்படியில் ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

பிள்ளை ஒன்றன்பின் ஒன்றாக, பின்னவர் தாழ்வாக உட்காரும் வகைக்கு நியூசிலாந்தின் பில் அண்ட் டெட்ஸ் பெயர்பெற்றது. நீளமும் அகலமும் ஒற்றை வண்டியளவே. பின்னே இருப்பவருக்குக் காட்சி இல்லை, சாமான் கூடைக்கும் வழி அடைபடும். முன்னிருக்கைப் பிள்ளையை முதலில் இறக்கினால் எடை முழுவதும் பின்னே சாய்ந்து வண்டி மல்லாக்கும். இறக்கும்போது பின்னவர் முதலில், ஏற்றும்போது முன்னவர் முதலில் என்பதைத் தாத்தா பாட்டி உட்பட வண்டி தள்ளும் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். கைப்பிடியில் பால்கேன், காய்கறிப் பை தொங்கவிடுவதும் இதே ஆபத்து, எந்த வண்டியானாலும்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: இருக்கும் ஒற்றை வண்டி நல்ல நிலையில் இருந்தால் அதில் மூத்தது உட்காரட்டும், கைக்குழந்தையை முதல் ஆறு மாதம் ஸ்லிங்கில் (உடலோடு சேர்த்துக் கட்டும் துணித்தூளியில்) கட்டிக்கொள்ளுங்கள். முகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை மார்பில் புதையக் கூடாது, முத்தமிடும் உயரத்தில் தலை இருக்க வேண்டும், முதுகு தாங்கப்பட வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு சின்னதை வண்டிக்கு மாற்றி, மூத்தவனுக்குப் பின்னால் ஒரு நிற்கும் பலகை பொருத்தலாம். லாஸ்கல் பகிபோர்டு போன்றவை 20 கிலோவைச் சுற்றித் தாங்கும். பலகை பொருத்தினால் உங்கள் கணுக்கால் இடிக்கும்; கொஞ்சம் தள்ளி, குனிந்து நடக்க நேரும். உயரமானவர்கள் கைப்பிடி நீளும் வண்டியாகப் பார்க்க வேண்டும். பிரேக் பெடல் பலகைக்கு அடியில் மறைகிறதா என்றும் பாருங்கள். வேறு நிறுவனத்தின் பலகையை மாட்டினால் வாரண்டியை மறுக்கும் நிறுவனங்களும் உண்டு, கையேட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். சிறிய மடிப்பு வண்டிகளில் யோயோ, மடித்தால் 52, 44, 18 செ.மீ. அளவில் தோளில் தொங்கும். எடை சுமார் 6 கிலோ. பஸ்ஸுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் சிறு சக்கரம் புல்லிலும் சரளைக்கல்லிலும் திணறும்.

பச்சைக்குழந்தை மட்டமாகப் படுக்க வேண்டும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் இடையே குறைந்தது 150 பாகை இருக்க வேண்டும். கார் சீட்டைச் சேசியில் மாட்டிக் கடை கடையாகச் சுற்றுவது வசதிதான், ஆனால் கார் சீட் தூங்குவதற்கான இடம் அல்ல. மூச்சுக்குழாய் மடங்கும் அபாயம் இருப்பதால் முதல் வாரங்களில் 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, வளர்ந்த பிறகும் இரண்டு மணி நேரத்தில் இடைவெளி கொடுக்க வேண்டும். வெயிலுக்கென்று மஸ்லின் துணியைக் கூரையின்மேல் போர்த்தாதீர்கள். காற்று அடைபட்டு உள்ளே சூடு வேகமாக ஏறும். குடையோ, காற்றுப் புகும் வலையோ போதும்.

சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம். காற்றடைத்த டயர் பூங்காவிலும் உடைந்த நடைபாதையிலும் மெத்தைபோல் ஓடும். வேலிமுள் குத்திப் பஞ்சராகும், மாதம் ஒருமுறை காற்றும் பார்க்க வேண்டும், காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. என்பது டயரின் பக்கத்திலேயே பொறித்திருக்கும். ஃபோம் டயர் பஞ்சராகாது, ஆனால் ஒரு பக்கம் தேய்ந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். முன்சக்கரம் கிடுகிடுவென்று ஆடினால் அச்சு தளர்ந்திருக்கும், அல்லது இரு டயரிலும் காற்று சமமில்லை. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அச்சில் புகுந்து கிரீச்சிடும். சக்கரத்தைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். சமையல் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ விட்டால் மணலை இழுத்துப் பிடித்து இன்னும் மோசமாகும்.

இரட்டை வண்டிகள் குறைந்த காலமே உழைப்பதால் பழையது வாங்குவதில் புத்திசாலித்தனம் இருக்கிறது. பிரேக்கைப் போட்டு முன்னும் பின்னும் தள்ளுங்கள். இரு பின்சக்கரங்களும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். மடிப்புப் பூட்டு இரண்டு இருக்கும், ஒன்று தவறினாலும் மற்றது தாங்குவதற்காக. இரண்டும் 'டிக்' என்று விழுகிறதா என்று கேளுங்கள். கீலில் உறை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். 2009-ல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் மெக்லாரன் வண்டிகளுக்குக் கீல் உறைகள் கொடுக்க நேர்ந்தது, மடிக்கும்போது பிள்ளைகளின் விரல்நுனி சிக்கி அறுந்ததால்தான். 1965-ல் ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளர் குடைபோல் மடியும் அந்த அலுமினிய வண்டியை வடிவமைத்தார். இன்று பஸ்ஸில் மடிக்கும் வண்டி நமக்குக் கிடைப்பது அவரால். அவ்வளவு நல்ல வடிவத்திலும் ஒரு சின்ன இடைவெளி போதும் விரல் போக. அதனால் மடிக்கும்போதும் விரிக்கும்போதும் மூத்தவனை ஓரடி தள்ளி நிற்கச் சொல்லிப் பழக்குங்கள். லேபிளில், பிராம்களுக்கான பாதுகாப்புத் தர எண்ணான பி.எஸ். ஈ.என். 1888 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் முதல் பகுதி 15 கிலோ வரையுள்ள பிள்ளைகளுக்கு, இரண்டாம் பகுதி 22 கிலோ வரை. இருக்கையைச் சேசியில் பொருத்தும் அடாப்டர் துண்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். தனியாக வாங்கப்போனால் மலிவாக முடித்த பேரம் அங்கேயே கரைந்துவிடும்.