தங்கமீனா, ஃபைட்டரா, கப்பியா: முதல் தொட்டிக்கு எது பொருந்தும்?

தமிழகத்தில் ஒரு வீட்டுக்கு முதன்முதலாக வரும் வண்ணமீன் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கிறது. சென்னையின் கொளத்தூர்க் கடைகளிலிருந்தோ உள்ளூர்ச் சந்தையிலிருந்தோ காற்றடைத்துக் கட்டிய பாலித்தீன் பையில் அது வந்து சேர்கிறது. வந்த சில நாட்களிலேயே பல வீடுகளில் இறந்தும் போகிறது. என் முதல் மீன்களும் அப்படித்தான் போயின. வட்டக் கண்ணாடிக் குடுவையில் இரண்டு தங்கமீன்களை விட்டு, தினமும் தண்ணீர் முழுவதையும் மாற்றினால் போதும் என்று கடையில் சொன்னதை அப்படியே செய்தேன்; நான்காம் நாள் காலையில் இரண்டும் மிதந்தன. அதன் பிறகு பல ஆண்டுகளில் மூன்று வகைகளையும் வளர்த்துப் பார்த்ததிலிருந்து சொல்கிறேன்: முதல் மீனை அழகைக் கொண்டு தேர்ந்தெடுப்பதைவிட, நம் வீட்டுத் தண்ணீரையும் மே மாத வெயிலையும் மின்தடையையும் கொண்டு தேர்ந்தெடுப்பதே சரி.

அதிகம் வாங்கப்படுவது தங்கமீன். சமவெளியில் புதியவருக்கு மிகக் குறைவாகப் பொருந்துவதும் அதுவே. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வளர்க்கத் தொடங்கப்பட்ட இது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது, குளிர்ந்த நீரில் நலமாக இருப்பது. கடையில் விரலளவு இருக்கும் குஞ்சு, உருண்டை உடல் கொண்ட வகையானால் 15 முதல் 20 செ.மீ. வரையும், நீண்ட உடல் கொண்ட சாதாரண வகையானால் அதற்கு மேலும் வளரும். 1999 இல் இங்கிலாந்தில் இறந்த டிஷ் என்ற தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்தது; நம் குடுவையில் ஒரு வாரத்தில் இறப்பது அந்த இனத்தைச் சேர்ந்த உயிர் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. வயிறு என்ற தனி உறுப்பு இல்லாத இந்த மீன் நாள் முழுவதும் இரை தேடுகிறது, அதற்கேற்பக் கழிவையும் மிகுதியாக வெளியேற்றுகிறது. ஆகவே இரண்டு தங்கமீன்களுக்கு நூறு லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியும் வலுவான ஃபில்டரும் தேவை.

இங்கேதான் நம் வெயில் குறுக்கிடுகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9 மி.கி. ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்க முடியும். சென்னைக் கோடையில் தொட்டி நீர் சாதாரணமாக எட்டும் 30 டிகிரியில் அது ஏழரை மி.கி. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே நேரத்தில் மீனின் உடல் வேகமாக இயங்கி, கூடுதல் ஆக்சிஜனைக் கேட்கிறது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் கதையும் இதுதான்: அமில-கார அளவு (pH) 8 ஆக இருக்கும் நீரில், 20 டிகிரியில் நச்சாக இருக்கும் பங்கைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு 30 டிகிரியில் நச்சாகிறது. அதிகக் கழிவு விடும் மீனை, குறைந்த ஆக்சிஜனும் கூடிய நச்சும் உள்ள நீரில் வைத்துக் காப்பாற்றுவது அனுபவசாலிக்கே எளிதன்று.

ஃபைட்டர் என்று எல்லோரும் அழைக்கும் சண்டைமீன் இதற்கு நேர்மாறானது. தாய்லாந்தின் வயல்களிலும் ஆழமற்ற தேங்குநீரிலும் வாழ்ந்த இந்த மீனை அந்நாடு 2019 இல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பினால் அது நீர்ப்பரப்புக்கு வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கிறது; ஆகவே வெதுவெதுப்பான, ஆக்சிஜன் குறைந்த நீர் அதற்குப் பழகிய சூழலே. ஆனால் இந்த வலிமையே அதற்குத் துன்பமாகவும் முடிகிறது. கடையில் சிறு பாட்டிலில் அடைத்து வைத்திருப்பதைப் பார்ப்பவர், அது பாட்டிலிலேயே வாழக்கூடியது என்று நம்பி வீட்டிலும் அவ்வாறே வைக்கிறார். மூச்சுக்குக் காற்று போதும் என்பது உண்மை. அம்மோனியா தோலையும் செவுளையும் அரிப்பதைக் காற்றுச் சுவாசம் தடுப்பதில்லை. குறைந்தது 20 லிட்டர் நீர், மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே மூடி, ஒதுங்கி ஓய்வெடுக்க இரண்டு மூன்று செடிகள் ஆகியவை இருந்தால், அந்தச் சோம்பிய பாட்டில் மீன் ஆளைக் கண்டதும் முன்வந்து நிற்கும் உயிராக மாறுவதைக் காணலாம். ஓர் ஆணுடன் இன்னொரு ஆணைச் சேர்க்கவே கூடாது; நீண்ட வாலுடைய ஆண் கப்பியைக்கூட அது எதிரியாகக் கருதக்கூடும். தனியாக ஒரே ஒரு மீன் போதும், இடமும் குறைவு என்பவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஆயுள் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் என்பதைக் குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கப்பியின் பெயர், 1866 இல் டிரினிடாடிலிருந்து இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பிய ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவரிடமிருந்து வந்தது. கொசுப்புழுக்களைத் தின்னும் என்பதற்காகக் கிணறுகளில் விடப்படுவதால் இந்த மீன் நமக்குப் புதிதும் அன்று. இதன் பெரிய சிறப்பு நம் தண்ணீரோடு ஒத்துப்போவது: சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும், குடிக்க உதவாத உப்புத் தண்ணீரின் கடினத்தன்மை கப்பிக்கு நலமே தருகிறது. நல்ல தண்ணீர் என்று நினைத்து ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுபவர்கள், தாதுக்கள் நீங்கிய அந்த நீரில் கப்பி வாலைச் சுருக்கிக்கொண்டு தள்ளாடுவதைக் கண்டு குழம்புகிறார்கள். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உயரமும் உள்ள தொட்டியைச் சற்றுக் குறைவாக நிரப்பினால் 50 லிட்டர் நீர் பிடிக்கும். அதில் எட்டுப் பத்துக் கப்பிகள் தாராளமாக நீந்தும்.

குறையையும் சொல்லியாக வேண்டும். கப்பி முட்டையிடாமல் குட்டி போடும் மீன். ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும் பெண், ஆணின் விந்தணுவைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைக்கக்கூடியது என்பதால், ஆணைப் பிரித்த பிறகும் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். ஆண்களை மட்டும் வாங்குவதே எளிய வழி. மேலும், நிறத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள் கலந்து உருவாக்கிய பகட்டான வகைகள், சாதாரணக் கலப்புக் கப்பிகளைப் போல உறுதியானவை அல்ல. தொடக்கத்தில் விலை மலிவான கலப்பு மீன்களே நலம்.

மின்தடையின்போது இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ஏர் பம்ப் நின்ற இரண்டு மூன்று மணி நேரத்தில், நெருக்கமான தொட்டியில் தங்கமீன்கள் வாயைத் திறந்தபடி மேற்பரப்பில் தவிக்கத் தொடங்கும். கப்பியும் மேலே வரும்; ஆனால் உடல் சிறிதாகவும், மேல்நோக்கிய வாய் மேற்பரப்பின் மெல்லிய நீர்ப்படலத்தைப் பயன்படுத்த ஏற்றதாகவும் இருப்பதால், கூட்டம் மிகாத தொட்டியில் தாக்குப்பிடிக்கும். ஃபைட்டருக்கு அது மற்றுமொரு மாலைப்பொழுதுதான். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வசிப்பவர்களுக்கு மட்டும் என் தீர்ப்பு தலைகீழாகும்: அங்கே ஃபைட்டருக்கும் கப்பிக்கும் ஹீட்டர் வேண்டும், பெரிய தொட்டி வைக்க முடிந்தால் தங்கமீனே அந்தக் குளிருக்கு உரியது.

எதைத் தேர்ந்தாலும் தொட்டியைத் தயார் செய்யும் வேலை ஒன்றே. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நான் செய்த பெரிய பிழை, குளோரின் நீங்காத குழாய் நீரைக் கொண்டு தினமும் முழு நீரையும் மாற்றியதுதான். குடுவையில் ஃபில்டரும் இல்லை, தேங்கும் கழிவைத் தாங்க நீரின் அளவும் இல்லை. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை, ஒரு நாள் திறந்துவைத்த நீரால் மாற்றினால் போதும். தெரிந்தவர் யாரிடமாவது பல மாதங்களாக நலமாக ஓடும் தொட்டி இருந்தால், அவருடைய பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள்; காத்திருக்கும் காலம் பெரிதும் குறையும். மீன் வளர்ப்பவர்களிடம் இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம், பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு பிழிந்து கொடுப்பார்கள், கூடவே தங்கள் மிகுதிக் கப்பிக் குட்டிகளையும். அந்தக் குட்டிகள் உங்கள் வீட்டிலும் பெருகும் நாளில் அவற்றை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அங்குள்ள நாட்டு மீன்களோடும் அவற்றின் குஞ்சுகளோடும் இரைக்காக அவை போட்டியிடும். கடைக்காரரிடமோ, புதிதாகத் தொட்டி வைக்கும் அண்டை வீட்டாரிடமோ பஞ்சுத் துண்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.