பெரிய கல்லீரல் கட்டி: எந்த ஸ்கேன் எதைச் சொல்லும்?

வேறெதற்கோ எடுத்த அல்ட்ராசவுண்டில் 'கல்லீரலில் 8 செ.மீ. கட்டி' என்று வந்தால் யாருக்கும் அடிவயிறு கலங்கும். பெரிய கட்டி என்பதாலேயே அது புற்று ஆகிவிடாது. நாள்பட்ட கல்லீரல் நோயோ வேறிடத்தில் புற்றோ இல்லாதவரிடம் தற்செயலாகத் தென்படுவது பெரும்பாலும் ஹீமாஞ்சியோமா எனும் ரத்தநாளக் கட்டி, எஃப்.என்.ஹெச். (கல்லீரல் செல்கள் ஓரிடத்தில் பெருகி உண்டாகும் தீங்கற்ற முடிச்சு), அடினோமா (கல்லீரல் செல்களிலிருந்து வளரும், புற்றல்லாத கட்டி) என்ற மூன்றில் ஒன்றுதான். முதல் இரண்டையும் தொந்தரவு தராதவரை சும்மா விடலாம். அடினோமா அப்படியல்ல. 5 செ.மீ. தாண்டினால் உள்ளே ரத்தம் கசியலாம், சில வகைகள் புற்றாகவும் மாறலாம். ஸ்கேனிடம் நாம் கேட்பது இந்த மூன்றாவதைப் பிரித்துக் காட்டு என்பதைத்தான்.

அல்ட்ராசவுண்ட் இதில் சீக்கிரம் தோற்றுவிடும். சிறிய ஹீமாஞ்சியோமா அதில் வெள்ளை வெளேரென்று தெரியும். பெரிதாகும்போது உள்ளே ரத்தம் உறைந்து, தழும்பேறி, எதுபோலவும் தோன்றும்.

சி.டி. வேகமானது, ரத்தக்கசிவு சந்தேகம் என்றால் முதலில் அதுதான். ஹீமாஞ்சியோமாவில் கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் பளிச்செனத் தெரிய ரத்தத்தில் ஏற்றுவது) ஓரத்தில் திட்டுத்திட்டாகப் பிடித்து, நிமிடக்கணக்கில் நடுவை நோக்கி நகரும். ராட்சதக் கட்டிகளில் நடுப்பகுதி கடைசிவரை நிரம்பாது. அங்கே இருப்பது தழும்பு, அதனால் பார்க்க வேண்டியது ஓரத்தை. ஆனால் எஃப்.என்.ஹெச்., அடினோமா இரண்டும், மருந்து தமனி வழியாக வந்துசேரும் முதல் கட்டமான தமனிக் கட்டத்தில் ஒன்றுபோலப் பளிச்சிடும்போது சி.டி. தடுமாறும். ஒவ்வொரு கட்டப் படத்துக்கும் கதிர்வீச்சு கூடும். இவை இளம்பெண்களிடம் அதிகம் தென்படுவதால் திரும்பத் திரும்ப எடுப்பதும் சரியில்லை.

என் ஓட்டு எம்.ஆர்.ஐ.க்கு. ஆனால் எந்தக் கான்ட்ராஸ்ட் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கேடாக்ஸெடேட் என்ற எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட் மருந்து கல்லீரல் செல்களுக்குள்ளேயே நுழையும். ஏறக்குறைய 20 நிமிடம் கழித்து எடுத்த படத்தில் எஃப்.என்.ஹெச். அதைப் பிடித்து வைத்திருக்கும், பெரும்பாலான அடினோமாக்கள் கறுத்துப்போகும். (விதிவிலக்கான அடினோமாக்களும் உண்டு.) அதே மருந்து ஹீமாஞ்சியோமாவில் ஏமாற்றும். சில நிமிடங்களிலேயே சுற்றியுள்ள கல்லீரல் வெளுத்துவிட, கட்டியிலிருந்து மருந்து வடிந்துவிட்டதுபோல, புற்றின் சாயலில் தெரியும். ஹீமாஞ்சியோமா சந்தேகம் என்றால் கல்லீரல் செல்களுக்குள் நுழையாத சாதாரண கேடோலினியம் கான்ட்ராஸ்ட் போதும். டி2 படத்தில் (நீர்மம் வெளுப்பாகத் தெரியும் எம்.ஆர்.ஐ. பட வகை) அது விளக்குபோல ஒளிர்வதே பாதி விடை. ஸ்கேன் சீட்டில் 'கல்லீரல் கட்டி' என்று மட்டும் எழுதாமல், என்ன சந்தேகம் என்றும் எழுத வேண்டியது இதனால்தான்.

ரத்தத்தில் வாயு நுண்குமிழி ஏற்றி எடுக்கும் அல்ட்ராசவுண்ட், எஃப்.என்.ஹெச்.சில் நடுவிலிருந்து சக்கர ஆரம்போல ரத்தம் பாய்வதை நேரலையாகக் காட்டும். குமிழிகளின் வாயு மூச்சில் வெளியேறிவிடுவதால் சிறுநீரகம் பழுதானவருக்கும் ஒத்துவரும். பெரிய கட்டி ஒரே சட்டகத்தில் அடங்காது என்பதே அதன் தொல்லை. டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய சிவப்பணு ஸ்கேன் 'ஹீமாஞ்சியோமாவா' என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எம்.ஆர்.ஐ.க்குள் போக முடியாதவருக்கு அது கைகொடுக்கும்.

ஹீமாஞ்சியோமா என்று படம் தெளிவாகச் சொல்லிவிட்டால் ஊசி குத்திப் பயாப்ஸி எடுக்கத் தேவையில்லை. அடினோமாவா என்ற சந்தேகம் எம்.ஆர்.ஐ.க்குப் பிறகும் தீராவிட்டால்தான் அந்தப் பேச்சு வரும்.