அய்ன் ராண்ட் மறைவுக்குப் பின் வந்த இரண்டு தொகுப்புகள்: எதை வாங்கலாம்?

நாவலாசிரியரும் தத்துவ எழுத்தாளருமான அய்ன் ராண்ட் 1982 மார்ச்சில் இறந்தார். அதே ஆண்டு 'ஃபிலாசஃபி: ஹூ நீட்ஸ் இட்' என்ற கட்டுரைத் தொகுப்பு வந்தது. 1989இல் 'தி வாய்ஸ் ஆஃப் ரீசன்' என்ற இன்னொரு தொகுப்பு வந்தது. இரண்டையும் படித்துப் பார்த்து, முதலாவதை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

அறிவுக்கு வழி பகுத்தறிவு ஒன்றே, தனிமனிதன் யாருக்காகவும் பலியாக வேண்டியதில்லை என்ற அடிப்படை இரண்டிலும் உண்டு. அடித்துப் பேசும் தொனியும் அதே. அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

எனக்கு முடிவைத் தந்தது வேறு கேள்வி: கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்தது யார்? முதல் தொகுப்பு ராண்டே திட்டமிட்டது. பெரும்பாலானவை எழுபதுகளில் அவர் நடத்திய 'அய்ன் ராண்ட் லெட்டர்' இதழில் வந்தவை. அவரே கோத்தது என்பது படிக்கும்போதே தெரிகிறது. தொடக்கக் கட்டுரை 1974இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களிடம் ஆற்றிய உரை. அது ஒரு கற்பனைக் காட்சியோடு தொடங்குகிறது: பெயர் தெரியாத கோளில் விழுந்த விண்வெளி வீரர் ஒருவர். அவர் முன் எங்கே இருக்கிறேன், அது எனக்கு எப்படித் தெரியும், இனி என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விகள். 'கொள்கையளவில் நல்லதுதான், நடைமுறைக்கு ஒத்துவராது' என்று போகிறபோக்கில் சொல்கிறோமே, அது வந்த இடம் என்று ராண்ட் அதைக் கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பவர்களின் பேச்சுக்கு மூலம் தத்துவ அறிஞர் ஹியூம் என்கிறார். (ஏட்டுச் சுரைக்காய் பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கும்.) அடுத்த கட்டுரை, ஒரு கருத்தின் வேரை இப்படித் துப்பறிவது எப்படி என்று சொல்லித் தருகிறது. அப்புறம் உளவியலாளர் ஸ்கின்னரையும் அரசியல் தத்துவ அறிஞர் ரால்ஸையும் அவர் பிரித்து மேயும்போது, அந்த முறை வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கிறோம். ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட்டை அவர் நடத்தும் விதம் வேறு கதை. இவர் சொல்வதை மட்டும் வைத்து கான்ட்டை எடை போட்டுவிடாதீர்கள்.

'வாய்ஸ் ஆஃப் ரீசன்' தொகுப்பாசிரியர் லியனார்ட் பீக்காஃப், ராண்டின் சீடர், சட்டப்படி அவர் வாரிசு. தன் கட்டுரைகளையும் சேர்த்து, கடைசியில் தன் நினைவலைகளையும் வைத்திருக்கிறார். லிபர்டேரியன்களை, அதாவது அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பவர்களை, சாடும் பீட்டர் ஷ்வார்ட்ஸ் என்ற இன்னொரு சீடரின் கட்டுரையும் இருக்கிறது. அது ராண்ட் இறந்தபின் எழுதப்பட்டது. ராண்டும் தன் முந்தைய நூல்களில் தன் வட்டத்தைச் சேர்ந்த பிராண்டன், கிரீன்ஸ்பான் ஆகியோரின் எழுத்துகளைச் சேர்த்தவர்தான். ஆனால் அது அவர் தேர்வு. இங்கே ராண்டின் கருத்து எங்கே முடிகிறது, சீடர்களின் கருத்து எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொரு முறையும் பெயரைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது. 1969இல் அப்போலோ 11 ஏவப்பட்டதை நேரில் பார்த்து எழுதியதும், 1962இல் நடிகை மர்லின் மன்றோ இறந்தபோது எழுதிய சிறு பத்தியும் இதில்தான் இருக்கின்றன. வாதாடாமல் வியக்கும், வருந்தும் ராண்டை முதல் தொகுப்பில் அவ்வளவாகப் பார்க்க முடியாது. மருத்துவத் துறை பற்றிய கட்டுரையை மேலோட்டமாகத்தான் படித்தேன். அமெரிக்கக் காப்பீட்டு முறை எனக்குப் பழக்கமில்லை, அதில் என் கருத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாவல்களை மட்டும் படித்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்பவர் முதலாவதை வாங்கலாம். அப்போலோ கட்டுரைக்காக மட்டும் என்றால், இரண்டாவதை நூலகத்தில் எடுத்தாலே போதும்.