ஆர்கோ மிதவையா, செயற்கைக்கோளா?

2018இல் கஜாவைப் பார்த்த நாகைப் பக்கத்துப் பிள்ளைகள், கடல் சூட்டைப் பற்றி ப்ராஜெக்ட் எடுத்தால் ஆர்கோ மிதவையின் (கடலில் தானாக மூழ்கி எழுந்து அளக்கும் கருவி) தரவா, செயற்கைக்கோள் தரவா, எது நல்லது என்று கேட்கிறார்கள்.

ஆழம்: செயற்கைக்கோள் கடலின் மேல்தோலைத்தான் பார்க்கும். மிதவை 2,000 மீட்டர் வரை இறங்கும். அப்புறம் உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளி மேலேறும்போது வெப்பத்தையும் உப்பையும் அளக்கும். புயலுக்குத் தீனி அடியில் தேங்கிய சூடும்தான். அதனாலேயே எனக்கு மிதவை பிடிக்கும்.

வேகம்: மிதவை வழக்கமாக 10 நாளுக்கு ஒருமுறை. செயற்கைக்கோள் தினமும், ஆனால் மேகம் மூடினால் அகச்சிவப்புக் கருவிக்குக் கண் தெரியாது. ஐப்பசி அடைமழையில் அதுதான் சிக்கல்.

செலவு: இரண்டு தரவும் இலவசம்.

கோடியக்கரை, பாக் நீரிணை என்றால் செயற்கைக்கோள். அங்கே மிதவைக்கு ஆழம் போதாது. நடு வங்கக்கடலில் கணினி மாதிரியின் கணிப்பைச் சரிபார்க்க மிதவை.