பில்லில் புது டென்ஷனர், எஞ்சினில் பழசு: ஃபிகோ டீசல் வைத்திருப்பவர்கள் கவனிக்க

திருச்சிப் பக்கம் பழைய ஃபோர்டு டீசல் வண்டி வைத்திருப்பவர்கள், அதிலும் டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் தாளம் தப்பாமல் ஓட வைக்கும் எஞ்சின் பெல்ட்) மாற்றும் வயதுக்கு வண்டி வந்தவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது ஓடும் வழியில் தாங்கும் உருளையான ஐட்லர், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தைச் சுழற்றும் வாட்டர் பம்ப் எல்லாம் புதிதாகப் போட்டதாகச் சொல்லி என்னிடம் லேபரோடு சேர்த்து ரூ.15,400 வாங்கினார்கள். உண்மையில் மாற்றியது பெல்ட்டை மட்டும்.

என் வண்டி 2012 ஃபிகோ, 1.4 டீசல். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது, மறுவருடம் மறைமலை நகர் ஆலையிலும் வேலை நின்றது. அதற்கப்புறம் ‘ஃபோர்டு ஸ்பெஷலிஸ்ட்’ என்று போர்டு மாட்டிய கடைகள் நிறைய வந்துவிட்டன. அதில் நல்லவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் அப்படி இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்காக: இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். வால்வு வளையும், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும், செலவு எங்கேயோ போய்விடும். பெல்ட் ரப்பர் என்பதால் அதிகம் ஓடாத வண்டியிலும் அதற்கு வயதாகும். வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பின்னால் பம்ப் மட்டும் போனாலும் மறுபடி எஞ்சினுக்கு ஜாக் கொடுத்து, எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டைக் கழற்றி, அத்தனையையும் பிரித்தாக வேண்டும், லேபரையும் மறுபடி கொடுத்தாக வேண்டும். அதனால்தான் பெல்ட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்கள். நானும் அதைத்தான் கேட்டேன், அதற்குத்தான் பணம் கொடுத்தேன்.

வண்டி கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் வலது பக்கத்திலிருந்து ஒரு சத்தம், குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சீறுமே, அந்த மாதிரி. கடைக்குக் கொண்டுபோனேன். “புது பெல்ட் சார், செட் ஆகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்” என்றார் ஓனர். வெளியே இருக்கும் ஏசி பெல்ட்டில் எதையோ ஸ்ப்ரே செய்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தத் திரவம்) குறைய ஆரம்பித்தது. அதற்கு “ஏர்லாக் சார்” என்று பதில், அதாவது குழாயில் காற்று அடைத்திருக்கிறதாம்; கொஞ்சம் ஊற்றி நிரப்பிக் கொடுத்தார்கள். அதை நம்பி மதுரைக்குக் கிளம்பினேன். பூதக்குடி டோலைத் தாண்டி விராலிமலை வருவதற்குள் சூடு விளக்கு எரிந்தது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தியதால் ஹெட் தப்பித்தது.

வண்டியை டோ பண்ணி, தெரிந்தவர் சொன்ன அரியமங்கலம் பக்கத்து பாய் ஒருவரிடம் விட்டேன். பெரிய போர்டெல்லாம் கிடையாது, தகரக் கூரை போட்ட பட்டறை. எஞ்சின் நன்றாக ஆறியதும் கூலன்ட் நிரப்பி, ஏசியையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றும் வெளிப் பெல்ட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஸ்டார்ட் செய்து சில விநாடி மட்டும் ஓடவிட்டார். சீறல் அப்படியே இருந்தது. “வெளிப் பெல்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி, சத்தம் டைமிங் பக்கம்தான். பிரிக்கிறேன், நீங்க போன்ல வீடியோ எடுத்துக்குங்க” என்றார். வீடியோ எடுக்கும் யோசனை அவருடையதுதான். இன்று என் கையில் இருக்கும் உருப்படியான ஆதாரமும் அதுதான்.

மவுண்ட்டில் ஒரு போல்ட் இல்லை. இன்னொன்று வேறு ஏதோ வண்டியுடையது, நீளம் பற்றாமல் பாதி மரைதான் ஏறியிருந்தது. டைமிங் பெல்ட்டை மூடியிருக்கும் கவரைக் கழற்றியதும் உள்ளே கருப்பாக ரப்பர் தூள். பெல்ட் புதிதுதான், அதன் மேல் எழுத்துகூட அழியவில்லை, ஆனால் ஒரு ஓரம் மட்டும் நார் நாராகப் பிய்ந்திருந்தது. டென்ஷனரை விரலால் சுற்றிக் காட்டினார்: கரகரவென்று சத்தம், பக்கவாட்டில் ஆட்டம், முகத்தில் வருடக்கணக்கான துரு. அதன் பேரிங் ஆடுவதால் பெல்ட் ஒரு பக்கமாக நகர்ந்து கவரில் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் அறுந்திருக்கும் என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது பம்பைப் பார்த்தபோதுதான். அதுவும் பழசு. ஆனால் அது எஞ்சினோடு சேரும் இடத்தில், வெளிப்பக்கமாக மட்டும், கசிவை அடைக்கும் அனபாண்ட் பசையைப் புத்தம் புதிதாகத் தடவியிருந்தார்கள். அதாவது பெல்ட் மாற்றும்போதே கசிவை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். புது பம்புக்கு என்னிடம் காசு வாங்கிக்கொண்டு, பழைய பம்புக்குப் பசை பூசி மூடியிருக்கிறார்கள்.

பழைய பாகங்களை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். ஓனர் முதலில் “பார்ட்ஸ் கடைக்காரன் பழசைப் பெட்டியில போட்டு ஏமாத்திட்டான் போல” என்றார். துரு எங்கள் வண்டியில்தான் பிடித்தது என்பது பார்த்தாலே தெரிகிறதே என்றதும், “வெளியில பிரிச்சுட்டீங்க, இனிமே வாரண்டி கேக்க முடியாது” என்றார். பில்லைக் காட்டினேன். அதன் தலையில் ‘எஸ்டிமேட்’ என்றுதானே இருக்கிறது, பில்லே இல்லையே என்றார்! ஜிஎஸ்டி எண் இல்லாத அந்தத் தாளைத்தான் பணம் வாங்கும்போது பில் என்று கொடுத்தார்கள். ஆனால் பணம் யுபிஐ-யில் போயிருக்கிறது, பாகங்களின் பட்டியலை அவர்களே வாட்ஸ்அப்பில் அனுப்பியும் இருக்கிறார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். அதற்கப்புறம் ஓனர் கூப்பிட்டு, பாதிப் பணம் தருவதாகவும் ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். மறுத்துவிட்டேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். விசாரணை நடப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. இன்பாக்ஸில் கேட்க வேண்டாம்.

இந்த வேலைக்கு வண்டி விடப்போகிறவர்கள், பழைய டென்ஷனரையும் பம்பையும் கையில் கொடுக்க வேண்டும் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள், புதிதின் காலிப் பெட்டிகளையும் கேளுங்கள். கவரை மூடுவதற்கு முன்னால் உங்கள் வண்டி நம்பர் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ கேளுங்கள். மழுப்பினால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மாற்றி முடித்தவர்கள், காலையில் வண்டியை எடுத்ததும் வலது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் ஈரம் இருக்கிறதா, கூலன்ட் டேங்கில் அளவு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் வெறுமனே ஊற்றி நிரப்பிக்கொண்டு ஓட்டாதீர்கள், கவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.